உள் இமையின் நிறம்

என் பெரியவளுக்கு,

அம்மா ஆசி சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், பெரியவர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள், நான் கேட்பது பாப்பாவை மட்டும். பாப்பா சுகமா? இங்கே நாங்கள் அனைவரும் சுகம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம், அதை இன்றைக்கு எழுதச் சொன்னால் உன் தங்கை பேனாவை மூடிவிடுவாள். அவள்தான் எழுதுகிறாள். என் வலது கையில் உன் தம்பி படுத்திருக்கிறான், அவன் கையில் ஊசி குத்தி ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, அசைந்தால் ஊசி விலகிவிடும், விலகினால் மறுபடி நரம்பு தேட வேண்டும், ஏற்கெனவே தேடித் தேடி அவன் புறங்கை இரண்டும் வீங்கிப்போயிருக்கின்றன. அதனால் நான் பேசுகிறேன், அவள் மடியில் அட்டை வைத்து எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகப் பேச்சாக்கிக்கொண்டே போகிறாள், உனக்குத்தான் அவளைத் தெரியுமே. எழுத்து அழகாக இருந்தால் அவளைப் பாராட்டு, விஷயம் கசந்தால் என்னைத் திட்டு, ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டு.

நான்கு நாளாக நீ போன் எடுக்கவில்லை. எடுக்காததில் நியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி, உன் டப்பாப் பால்தான்டி என் பிள்ளையைக் குடிச்சிடுச்சு என்று உன்னிடம் கத்தினேன். பத்து மணி நேரம் நின்னுக்கிட்டே வேலை பார்த்து அனுப்பினதுக்கு இதுதான் பேராம்மா என்று கேட்டாய், வைத்துவிட்டாய். மாப்பிள்ளைக்குப் போன் அடித்தால் அவர், அத்தை, பாப்பா கொழுகொழுன்னு ஜம்முனு இருக்கா, உங்க பயத்தை இங்கே பார்சல் பண்ணாதீங்க என்று சிரிக்கிறார், அடுத்த தடவை அவரும் எடுக்கவில்லை. வேறு வழி இல்லாமல் பயத்தைக் காகிதத்தில் சுற்றிப் பார்சலே பண்ணுகிறேன். அப்பாவோடு பணிமனையில் டயர் மாட்டுகிற தாடிக்காரர் இருக்கிறாரே, அவர் மகன் விடுமுறை முடிந்து இன்று சாயங்காலம் உங்கள் ஊருக்குத் திரும்புகிறான். அவன் கையில் இதைக் கொடுத்துவிடப் போகிறோம். கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்துகொள் என்று அப்பா அவனிடம் சொல்லியிருக்கிறார், அவனும் சரி என்றிருக்கிறான், அதனால் பாவம், அவனை உட்கார வைக்காதே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உன் பால் கெட்ட பால் இல்லை. டாக்டரே சொல்லிவிட்டார். டப்பாதான் நசுங்கியிருந்தது, உள்ளே இருந்த மாவுக்கு ஒரு குறையும் இல்லை. நீ அந்தப் பால்மாவு ஆலையில் மூடி அடைக்கிற வரிசையில் சேர்ந்து, நசுங்கின டப்பாக்களை ஊழியர்களுக்கே தருகிறார்கள் என்று பெட்டி கட்டி அனுப்ப ஆரம்பித்தபோது நம் வீட்டில் எவ்வளவு பெருமை. அப்பா அவற்றைச் சமையலறையில் வைக்கவே விடவில்லை, டிவிக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரியில் நசுங்கின பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி அடுக்கினார், வந்தவர்கள் எல்லாம் மூத்தவள் அனுப்பினதா, மூத்தவள் அனுப்பினதா என்று கேட்க வேண்டும் என்று. நானும் சும்மா இல்லை. எனக்கு இந்த வயதில் பிறந்தவன், எனக்கே கூச்சமாக இருந்த பிள்ளை, மூத்தவளும் ஆத்தாளும் ஒரே சமயத்துல தொட்டில் கட்டுறாங்க என்று கேலி பேசின வாய்களை எல்லாம் இவனைக் கொழுகொழுவென்று வளர்த்தே அடைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. நான் சலவைக்கூடத்துக்குப் போகும்போது ஒரு பாட்டில், அப்பா வேலை முடிந்து வந்ததும் ஒரு பாட்டில், தங்கை பள்ளிவிட்டு வந்ததும் ஒரு பாட்டில், தூங்க ஒரு பாட்டில், எழுந்தால் ஒரு பாட்டில். அழ வாயைத் திறந்தால் பாட்டில் உள்ளே போய்விடும். பசி என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாமல் போயிற்று. முட்டை காட்டினால் தலையைத் திருப்புவான், பருப்பு காட்டினால் உதட்டை மூடுவான், கீரையைக் கண்டால் தட்டையே தள்ளிவிடுவான், போகட்டும், பால்தான் குடிக்கிறானே, பாலில் இல்லாத சத்தா என்று நாங்களும் தட்டை எடுத்துவிடுவோம்.

அப்புறம் அவன் வெளுக்க ஆரம்பித்தான். அதை நாங்கள் எப்படி எடுத்துக்கொண்டோம் என்று கேள். நாம் யாரும் அந்த நிறம் இல்லை. எதிர்வீட்டுக்காரி இவனைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் இந்தக் கலர் எங்கேர்ந்துடி வந்தது, மாவுல புரட்டி எடுத்தியா என்பாள். வெண்ணெய்க்கட்டி என்று பெயர் வைத்ததும் அவள்தான், தெரு முழுக்க அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, நானும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். என் வேலை உனக்குத் தெரியும். விடுதிப் படுக்கை விரிப்புகளை இருபது வருஷமாகத் தேய்க்கிறேன். ஆவி மேசையிலிருந்து எடுத்த விரிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும், மங்கலாக இருந்தால் திரும்பத் தொட்டிக்கு, பளிச்சென்று இருந்தால் மடிப்புக்கு. வெளுப்பு என்றால் நல்லது என்று கண்ணுக்கே பழகிப்போய்விட்டது. நூறு விரிப்புக்கு நடுவில் ஒன்று மங்கினால் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன் என்று கங்காணி என்னைத்தான் கூப்பிடுவார். அந்தக் கண்ணைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன், என் பிள்ளையைத் தூக்கி அதே மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஆஹா என்ன வெளுப்பு என்று முத்தம் கொடுத்தேன்.

கட்டிலுக்குப் பின்னால் சுவரில் சுண்ணாம்பு உதிர்கிற மூலை இருக்கிறது அல்லவா, அங்கே போய் உட்கார்ந்து நகத்தால் சுரண்டித் தின்பான். எலிதான் என்று முதலில் நினைத்தோம், அப்பா பொறி வாங்கி வைத்தார், பொறிக்குப் பக்கத்திலேயே இவன் வாயெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தான். கையில் அடித்தேன். அலமாரியை நகர்த்தி மூலையை மறைத்தேன். அப்புறம் குளிர்ப்பெட்டியின் முன்னால் நின்று ஐஸைக் காட்டி அழுவான், மேல் தட்டில் படிகிற பனியைச் சுரண்டிக் கொடுத்தால்தான் ஓய்வான், அதையும் விளையாட்டு என்று விட்டுவிட்டோம். ஓடமாட்டான், ஏறமாட்டான், உட்கார்த்தி வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பான், கொஞ்சம் நகர்ந்தால் தலையைத் தரையில் சாய்த்துவிடுவான். சமத்து என்றோம். தெருவில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் பேயாட்டம் ஆடும்போது என் பிள்ளை மட்டும் பொம்மை மாதிரி என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். பிள்ளை சமத்தாக இல்லை, அவனுக்கு எழுந்து குறும்பு செய்ய உடம்பில் ரத்தம் இல்லை.

இதையெல்லாம் ஏன் உனக்கு விலாவாரியாகச் சொல்கிறேன் என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும், புரியாத மாதிரி இருக்காதே. போன மாதம் வீடியோவில் பாப்பாவைக் காட்டினாய். அம்மா, இவ மாமன் மாதிரியே, ஐஸ்னா உயிர், நாள் பூரா நறுக் நறுக்னு கடிக்கிறா என்று சொல்லிச் சிரித்தாய். மெத்தையில் சாய்ந்து கிடந்தாள், அசையவே இல்லை, எவ்வளவு சமத்து பாரும்மா, இவளால எனக்குத் தொந்தரவே இல்லை என்றாய். நானும் சிரித்தேன். உன் பாலின் கைவண்ணம், ரெண்டு வெண்ணெய்க்கட்டி ஆயிடுச்சு நம்ம வீட்டுல என்று நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு இங்கே ஒவ்வொரு நிமிஷமும் ஞாபகம் இருக்கிறது. ஒன்றரை வயசுப் பிள்ளை தொந்தரவு கொடுக்க வேண்டுமடி. வீட்டைக் கலைக்க வேண்டும், உன்னை ஓட வைக்க வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். தடுப்பூசி போடப் போனபோது இங்கே கிளினிக் நர்ஸ் இவனைப் பார்த்துவிட்டு, ரத்தம் கம்மியா இருக்கிற மாதிரித் தெரியுதும்மா என்று இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்தாள். பிள்ளைக்கு யாராவது கண் வைத்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது, பால் குடிச்சு வளர்ற பிள்ளைக்கா ரத்தம் கம்மி என்று அவளைக் கேட்டுவிட்டு வந்தேன். துப்பினான் என்று மருந்தைப் பால் பாட்டிலிலேயே கலந்து கொடுத்தேன். கொஞ்ச நாளில் பல் ஓரம் கறுத்தது, வெளிக்குப் போனதும் கறுப்பாகப் போயிற்று, பயந்துவிட்டேன், நிறுத்திவிட்டேன். நிறுத்தினதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உங்கள் ஊரில் பாப்பாவுக்கும் அதே மாதிரி மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நீ சொன்னபோது, கொடுக்காதேடி, பல்லு கறுத்துடும், பெண் பிள்ளை, நாளைக்கு யார் பதில் சொல்றது, அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போடு என்று உனக்கு நான் சொன்னேன். நீ சரிம்மா என்றாய். எதிலும் என் பேச்சைக் கேட்காத நீ அதை மட்டும் கேட்டிருப்பாயோ என்று நினைத்தால் எனக்கு உட்கார முடியவில்லை. கேட்டிருந்தால், என் பேச்சு தப்பு. கேட்டிருக்காவிட்டால் இந்த ஜென்மத்தில் முதல் தடவையாக உன் பிடிவாதத்தைக் கும்பிடுகிறேன்.

இங்கே நடந்ததைக் கேள். அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. துணி மடித்துக்கொண்டிருந்தேன், இவன் தரையில் படுத்திருந்தான், நாய்க்குட்டி இளைக்கிற மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய்ப் போய் வருகிறது, உதடு இருக்கிற இடமே தெரியவில்லை, முகத்தோடு முகமாக அதுவும் வெளுத்திருந்தது. அப்பா பணிமனை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார், கேட்டு எடுத்தாரா கேட்காமல் எடுத்தாரா என்று நான் இன்னும் கேட்கவில்லை. டாக்டர் சின்ன வயசுப் பெண், உன்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். உங்க உள்ளங்கையை இவன் உள்ளங்கைக்குப் பக்கத்துல வைங்கம்மா என்றாள். என் கையே ஆவியில் வெந்து சோகை பிடித்த கை, அதற்குப் பக்கத்தில் அவன் கை வெறும் காகிதமாக இருந்தது, ரேகையில்கூட நிறம் இல்லை. அவன் கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்துக் காட்டினாள். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் பூண்டுத் தோல் மாதிரி இருந்தது. குறைஞ்சது பதினொண்ணு இருக்க வேண்டிய ரத்த அளவு மூணு சொச்சம்தான் இருக்கு, இது ஒரு நாள்ல குறைஞ்சதில்ல, மாசக்கணக்கா குறைஞ்சிருக்கு, தண்ணி மாதிரி ரத்தத்தை ஓட்டி ஓட்டி இதயம் வீங்கிப்போச்சு என்றாள். என்ன சாப்பிடறான் என்று கேட்டாள். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை போகவில்லை பார், வெளிநாட்டுப் பால் டாக்டர், மூத்த பொண்ணு அனுப்பறா, கேட்கக் கேட்கக் கொடுப்போம் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பால் நல்லதுதாம்மா, ஆனா அதுல இரும்புச்சத்து இல்லேன்னே வெச்சுக்குங்க, வயிறு பூரா அதுவே நிறைஞ்சா மத்த சாப்பாட்டுக்கு இடம் எங்கே, மருந்தைக் கொடுத்தாலும் பால்ல கலந்தா உடம்புல ஒட்டாது, சில பிள்ளைகளுக்குக் குடல்லேயே கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் கசியும், கண்ணுக்கே தெரியாது என்று, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

ரத்தம் ஏற்ற வேண்டும், ஒரேயடியாக இல்லை, சில நாள் கொஞ்சம் கொஞ்சமாக என்றார்கள். நான் கையை நீட்டினேன். சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, அம்மா, உங்களுக்கே யாராவது கொடுக்கணும் போலிருக்கே என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவுடையது சேர்ந்தது. லாரி டயரை ஒரே கையால் உருட்டுகிற மனுஷன், ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார், மூடின கண்ணோடு கூரையை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை. முடிந்ததும் வெளியே வந்து, இனிமே இவன் உடம்புல ஓடறது பணிமனை ரத்தம், எழுந்ததும் ஸ்பானர் கேட்பான் பாரு என்று எங்களைச் சிரிக்க வைத்துவிட்டு, கழிவறைப் பக்கம் போய் வெகுநேரம் வரவில்லை.

இந்த அறையில் கட்டிலுக்குக் கட்டில் இதே நிறம். நம்மிடம் பால் நிறைய இருந்தது, பக்கத்துக் கட்டில்காரியிடம் எதுவுமே இல்லை, பிள்ளை அழுதால் கறுப்புத் தேநீரில் ரொட்டியை நனைத்துக் கொடுத்தே வளர்த்திருக்கிறாள். வாயாடி, ஆனால் நல்லவள். உங்க பிள்ளை பால்ல வெளுத்துது, எம் பிள்ளை டீயில வெளுத்துது, ரெண்டையும் சேர்த்தா வாசல்ல ஒரு கடை போட்டுடலாம்க்கா என்கிறாள். சொல்லிவிட்டு முகத்தை முந்தானையில் மூடிக்கொள்கிறாள். எதிர்க் கட்டில் பிள்ளைக்கு வயிற்றில் புழு, அவன் அப்பா கார் வைத்திருக்கிறார். இருக்கிறவர் பிள்ளை, இல்லாதவர் பிள்ளை என்று படுக்கையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. உலகத்தில் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளில் பத்துக்கு நான்கு பேருக்கு ரத்தச்சோகை என்று நடைக்கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், உன் தங்கை அதைப் படித்துவிட்டு வந்து, அம்மா, அக்கா இருக்கிற ஊரும் அந்த உலகத்துலதான் இருக்கு என்றாள். அவள்தான் உன் போட்டோவை எடுத்துப் பெரிதாக்கினாள். பாப்பா கையை விரித்து ஏதோ கேட்கிற மாதிரி ஒன்று அனுப்பியிருந்தாயே, அது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் வந்தபோது காட்டினேன். படத்தைப் பார்த்து நான் எதுவும் சொல்லக் கூடாதும்மா, வெளிச்சம் ஏமாத்தும், ஆனா நீங்க சொல்ற ஐஸ், அசதி, பால் இதெல்லாம் கேட்டா, ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்க, தள்ளிப் போட வேண்டாம் என்றாள். வேண்டாம் என்று அவள் சொன்ன விதத்தை எழுதிக் காட்ட உன் தங்கைக்கே தெரியவில்லை.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டோம். இப்போது மறுபடி எழுதுகிறோம். நான் பேசிக்கொண்டே இருந்தேன், உன் தங்கைதான் எழுதுவதை விட்டுவிட்டு, அம்மா, அவன் மூச்சைப் பாரு என்றாள். பார்த்தேன். பழைய இளைப்பு, அதைவிட வேகமாக. நர்ஸைக் கூப்பிட்டாள், ஓடினாள், நடைக்கூடம் முழுக்க அவள் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தவர்கள் குழாயை அடைத்தார்கள், ஒரு ஊசி போட்டார்கள். வீங்கின இதயத்துக்கு ஏறுகிற ரத்தமே பாரமாகிவிடுமாம், அதனால்தான் சொட்டுச் சொட்டாக விட்டிருக்கிறார்கள், அந்தச் சொட்டும் அவனுக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கிறது, அதில் அவர்கள் முதுகுதான் தெரிகிறது. என் வலது கை இப்போது காலியாக இருக்கிறது. பேனாவை என்னிடம் கொடுத்தாள். வாங்கினேன், பிடிக்க முடியவில்லை, அவளிடமே கொடுத்துவிட்டேன். தாடிக்காரர் மகன் கீழே வந்துவிட்டானாம், அப்பா அவனைப் பேச்சில் நிறுத்தி வைத்திருக்கிறார். உள்ளே என்ன ஆனது என்று தெரிந்த பிறகு எழுதி முடிக்கலாம் என்று பார்த்தால் அவன் வண்டி போய்விடும். அதனால் தெரியாமலே முடிக்கிறேன்.

கேள், கண்ணு. இதைப் படித்த உடனே பாப்பாவை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போ. பகலாக இல்லாவிட்டால் நல்ல விளக்குக்குக் கீழே. கீழ் இமையை மெல்ல இழுத்து உள்ளே பார். உன் உள்ளங்கைக்குப் பக்கத்தில் அவள் உள்ளங்கையை வைத்துப் பார். சிவப்பாகத்தானே இருக்கிறது என்று உனக்குத் தோன்றினாலும் நம்பாதே, உன் கண்ணும் என் வயிற்றில் வந்த கண்தான், வேலை செய்கிற இடமும் வெள்ளை மாவு. நேரே கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுக்கச் சொல். மாப்பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும், அவரையும் கூட்டிக்கொண்டு போ, வரிசையில் நிற்க ஒரு ஆள் வேண்டுமே. குறைந்திருக்கிறது என்று சொல்லி மருந்து கொடுத்தால் அவர்கள் சொன்ன அளவு, சொன்ன மாதம் வரைக்கும், நடுவில் நிறம் வந்துவிட்டது என்று நிறுத்தாமல் கொடு. பாலில் கலக்காதே, தேநீர் பக்கமே போகாதே, ஆரஞ்சுச் சாறு மாதிரிப் புளிப்பாக எதையாவது கூடக் கொடுத்தால் நன்றாக ஒட்டுமாம். பல் கறுத்தால் தேய்த்தால் போகும். வெளிக்குக் கறுப்பாகப் போனால் மருந்து போகிறது என்று அர்த்தம், பயப்படாதே. இனிப்பாக இருக்கிறதே என்று பிள்ளைகள் மொத்தமாகக் குடித்துவிட்டால் அதுவே விஷமாகிவிடும், கைக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வை. பாலை அடியோடு நிறுத்த வேண்டாம், ஒரு நாளைக்கு ரெண்டு குவளை போதும் என்கிறார்கள், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகு, பாட்டிலில் இல்லாமல் குவளையில். முட்டை, பருப்பு, கீரை, கறி, ஈரல் எது கிடைக்கிறதோ அது. அழுவாள். தட்டைத் தள்ளுவாள். உன் மேலேயே துப்புவாள். பசிக்கட்டும் என்று விட்டு மறுபடி கொடு, நான் உனக்குச் செய்தது அதுதான், அன்றைக்கு நம் வீட்டில் ரெண்டாவது வழி இல்லாததால் செய்தேன், வசதி வந்த பிறகு உன் தம்பிக்குச் செய்யாமல் விட்டேன்.

உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கால் மரத்துப்போக நின்று, வீட்டை நினைத்து, கிடைத்ததில் நல்லதை எடுத்து அனுப்பினாய். வாசலில் நின்று நான் கத்தினது உன்னைப் பார்த்து இல்லை, உன்னைத் தவிர அந்த நேரத்தில் கத்த எனக்கு யாரும் கிடைக்கவில்லை. அலமாரியில் மிச்சம் இருக்கும் டப்பாக்களை அப்பா எடுத்துவிடட்டுமா என்றார், இருக்கட்டும், அவள் உழைப்பு என்று சொல்லிவிட்டேன். ஆனால் இனி அனுப்பாதே. அந்தப் பெட்டிக்குப் பதில் உன் காலுக்கு நல்ல செருப்பு வாங்கிக்கொள்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். என் பேத்தி உங்கள் வீட்டுப் பாத்திரத்தை எல்லாம் உருட்டி, சுவரெல்லாம் கிறுக்கி, உன்னை உட்கார விடாமல், அக்கம்பக்கம் வந்து புகார் சொல்கிற அளவுக்கு அடங்காப்பிடாரியாக வளர வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன்.

இதைப் படித்ததும் உனக்கு முதலில் போன் எடுக்கத் தோன்றும், தம்பி எப்படி இருக்கான்மா என்று கேட்கத் தோன்றும். கேட்காதே. நான் சொல்ல மாட்டேன். அப்பாவும் சொல்ல மாட்டார், உன் தங்கையும் சொல்ல மாட்டாள், மூன்று பேரும் சத்தியம் பண்ணியிருக்கிறோம். போய் பாப்பாவுக்கு ரத்தம் பார்த்துவிட்டு, அந்த எண் என்ன என்று சொல். அதை என் காதால் கேட்ட பிறகுதான் இவனைப் பற்றி வாயைத் திறப்பேன்.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா

(அம்மா சொல்லச் சொல்ல எழுதியது உன் தங்கை. அக்கா, போ.)